அவீச்சி: ஒரே பையனுக்கு இரண்டு வேலை

2013 மார்ச். அமெரிக்காவின் மயாமி நகரில் அல்ட்ரா இசைவிழா. மின்னணு நடன இசை ரசிகர்களுக்கு வருடா வருடம் வரும் பெரிய திருவிழா அது. முக்கிய மேடையில் ஏறியவர் 23 வயது ஸ்வீடன்காரர் அவீச்சி. 'லெவல்ஸ்' என்ற ஒற்றைப் பாட்டால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருந்தவர். அதே மாதிரி நெஞ்சை அதிர வைக்கும் பாட்டுகளுக்காகக் கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. அவரோ மேடைக்கு ஒரு வாத்தியக் குழுவைக் கூட்டிவந்தார். அக்கூஸ்டிக் கிதார், ஒரு சோல் பாடகர், அமெரிக்கக் கிராமத்து புளூகிராஸ் பாடுகிறவர் என்று ஆட்கள் வரிசையாக வர, கூட்டம் ஒன்றும் புரியாமல் முழித்தது. டிஜே மேடையில் இவர்களுக்கு என்ன வேலை? நிகழ்ச்சி முடிவதற்குள் இணையத்தில் கேலியும் திட்டும் ஆரம்பித்துவிட்டன.

அந்தக் கேலிக்கு ஆயுள் மூன்று மாதம்தான். ஜூன் மாதம் 'வேக் மீ அப்' வெளியானது. பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 2,67,000 பிரதிகள் விற்றது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் முதலிடம். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம். மயாமியில் முகம் சுளித்தவர்களில் பாதிப் பேராவது அந்தக் கோடையில் காரில் போகும்போது அதை முணுமுணுத்திருப்பார்கள்.

இதை ஒரு மேதையின் வெற்றிக் கதையாக எழுதி முடித்துவிடலாம். பல பேர் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் டிம் பெர்க்லிங் என்ற இயற்பெயர் கொண்ட இந்த இளைஞரின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர் பார்த்தது இரண்டு வேலை. ஒன்று, பாட்டை உருவாக்குவது. இன்னொன்று, அதை ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் போட்டுக்காட்டுவது. முதல் வேலைக்காகவே பிறந்தவர் அவர். பணம் கொட்டியதோ இரண்டாவது வேலையில்.

மின்னணு இசை பழக்கமில்லாதவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 'புரொட்யூசர்' என்றால் சினிமாவில் பணம் போடுகிற முதலாளி. இந்த உலகத்தில் அவர் மெட்டுப் போட்டு, தாளம் அடுக்கி, ஒவ்வொரு ஒலியையும் செதுக்கி, மிக்சிங் வரை தானே செய்து முடிக்கும் இசையமைப்பாளர். நம் ஊர் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் 'புரோகிராமிங்' என்கிறார்களே, அந்த வேலையும் இவருடையதே. இதற்கு ஆளரவமற்ற அறை வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

டிஜேயின் வேலை மேடையில். அவர் முன்னால் இரண்டோ நான்கோ பிளேயர்கள் இருக்கும், நடுவில் ஒரு மிக்சர். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் தனக்கு மட்டும் கேட்டு, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, தாளத்தின் முதல் அடிகள் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழும்படி இழைத்துவிடுவார். ஹவுஸ் வகை இசை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடிகள் வரை ஓடும். நான்கு அடி ஓர் ஆவர்த்தனம் என்றால், 128 அடி வேகத்தில் ஒரு நிமிடத்துக்குச் சரியாக 32 ஆவர்த்தனம். பாட்டுகளும் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்ற கணக்கிலேயே கட்டப்பட்டிருக்கும். எந்த ஆவர்த்தனத்தில் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவது என்ற கணக்கு கையோடு ஊறிவிட வேண்டும். அதைவிட முக்கியம், கூட்டத்தின் நாடி பிடிக்கத் தெரிவது. எப்போது அவர்களை ஏற்றிவிட வேண்டும், எப்போது கொஞ்சம் மூச்சு வாங்க விடவேண்டும் என்பது அனுபவத்தில்தான் வரும்.

பழைய நாளில் இவை இரண்டும் தனித்தனி ஆட்களின் தொழிலாகவே பெரும்பாலும் இருந்தன. ரெக்கார்டு விற்பனை சரிந்து, பாட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கிய பிறகு, புரொட்யூசர் பிழைக்க வேண்டுமென்றால் மேடை ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

டிம் பிறந்தது 1989 செப்டம்பர் 8, ஸ்டாக்ஹோமில். அம்மா ஆங்கி லிடேன், ஸ்வீடனில் பெயர் பெற்ற நடிகை. அப்பா கிளாஸ் பெர்க்லிங் வியாபாரம் செய்தவர். ஊரின் வசதியான பகுதியான ஆஸ்டர்மால்மில் வீடு. பையன் கூச்ச சுபாவம். பள்ளிக் காலத்தில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடந்தவன். கிதாரும் பியானோவும் கொஞ்சம் தட்டத் தெரியும், முறையான பயிற்சி கிடையாது. பதினாறு பதினேழு வயதில் எஃப்.எல். ஸ்டுடியோ என்ற மென்பொருள் கைக்கு வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இமேஜ்-லைன் நிறுவனம் தொண்ணூறுகளின் இறுதியில் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது அது. ஆரம்பத்தில் தொழில்முறை ஆட்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கினார்கள். பிறகு ஒரு தலைமுறையே அதில் தொழில் கற்றுக்கொண்டது.

ஸ்வீடன் என்ற நாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கோடிக்குச் சற்றே அதிகமான பேர் வாழும் அந்த நாடு உலக பாப் இசைக்குப் பாட்டு ஏற்றுமதி செய்வதில் முன்வரிசையில் நிற்கிறது. எழுபதுகளில் ஆபா குழு, தொண்ணூறுகளில் பிரிட்னி ஸ்பியர்ஸுக்கும் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸுக்கும் எழுதிக்கொடுத்த மேக்ஸ் மார்ட்டின், பிறகு எரிக் பிரிட்ஸ், ஸ்வீடிஷ் ஹவுஸ் மாஃபியா. ஊர் தோறும் நகராட்சி நடத்தும் இசைப்பள்ளிகள் அங்கே உண்டு. 1998-ல் அரசு கொண்டுவந்த வரிச்சலுகையால் ஊழியர்கள் வேலையிடம் மூலமாகவே வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டார்கள். இதனால் பெரியவர்கள் எவ்வளவு பயனடைந்தார்களோ தெரியாது, பிள்ளைகள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஸ்பாட்டிஃபை பிறந்ததும் ஸ்டாக்ஹோமில்தான், 2006-ல்.

எஃப்.எல். ஸ்டுடியோவில் டிம் வேலை செய்த விதத்தைச் சில காணொலிகளில் இன்றும் பார்க்கலாம். திரையில் 'பியானோ ரோல்' என்ற கட்டம் போட்ட பலகை. இடது ஓரத்தில் நிமிர்த்தி வைத்த பியானோக் கட்டைகள். மேலே போகப் போகச் சுருதி ஏறும், வலப்பக்கம் போகப் போக நேரம் நகரும். மவுஸால் ஒரு சொடுக்குப் போட்டால் ஒரு ஸ்வரம். அதை இழுத்தால் நீளும், தூக்கி வேறு வரியில் வைத்தால் சுருதி மாறும். டிம் கீபோர்டைத் தொடாமல் மவுஸை வைத்தே மெட்டை வரைவார். எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு மெட்டு வந்துவிட்டால், அதை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, ஒரே ஒரு ஸ்வரத்தை அரை அங்குலம் நகர்த்துவார். திருப்தி வராவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். கேட்கிறவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அவருக்கு அதுவே சொர்க்கம்.

மெட்டு அமைந்த பிறகு ஒலி. ஒரே ஸ்வரத்தை நான்கைந்து சிந்தசைசர் ஒலிகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, இம்மி பிசகான சுருதிகளில் அவற்றை அடுக்கினால் அகலமான, பளபளக்கும் ஒலி கிடைக்கும். அடுத்தது 'சைட்செயின்'. கீழே டம் டம் என்று கிக் டிரம் அடிக்கிறது. அது அடிக்கும் ஒவ்வொரு கணமும் மற்ற வாத்தியங்களின் சத்தம் தானாகக் குறைந்து, மறுகணம் மேலே எழும்பும்படி அமைத்துவிட வேண்டும். நடன இசையில் பாட்டு முழுதும் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறதே, அது இந்த உத்தியால்தான். உடம்பு தானாக ஆடத் தொடங்குவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

செய்த பாட்டுகளை இணையத்தில் போட்டார். நெதர்லாந்து டிஜே லேட்பேக் லூக் நடத்திய இணையக் களத்தில் மூத்தவர்களிடம் கருத்துக் கேட்டார். புனைபெயர் வேண்டியிருந்தது. பௌத்த மரபில் நரகங்களின் ஆக அடித்தளத்துக்கு அவீசி என்று பெயர். நண்பர் ஒருவர் மூலம் தெரிந்த அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். மைஸ்பேஸ் தளத்தில் அதை வேறு யாரோ ஏற்கெனவே பிடித்து வைத்திருந்ததால் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூடுதலாக ஒட்டிக்கொண்டார். 2008-ல் பிபிசி வானொலியின் பீட் டாங் நடத்திய புரொட்யூசர் போட்டியில் அவருடைய 'மான்மேன்' வென்றது. பதினெட்டு வயதுப் பையனுக்கு அதுவே பெரிய விஷயம்.

அந்த வருடமே ஆஷ் பூர்நூரி மேலாளராக வந்து சேர்ந்தார். ஸ்டாக்ஹோமில் கிளப் நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்த, ஈரான் வம்சாவளி இளைஞர். இணையத்தில் டிம்மின் பாட்டுகளைக் கேட்டு, இந்தப் பையனை உலக நட்சத்திரம் ஆக்கலாம் என்று கணக்குப் போட்டு அவரே தேடிவந்தார். பையனுக்கு வியாபாரம் தெரியாது. இவருக்கு அதைத் தவிர வேறு சிந்தனை கிடையாது. ஜோடி பொருந்தியது. ஆனால் டிம்முக்கு டிஜே வேலை பழக்கமே இல்லை. பிளேயரையும் மிக்சரையும் கையாள்வதை அதன் பிறகுதான், மேடை கிடைக்கக் கிடைக்க, கற்றுக்கொண்டார். கிளப்புகளில் வருடக்கணக்கில் பாட்டுப் போட்டுப் பழகி, அப்புறம் சொந்தப் பாட்டு செய்வதுதான் பழைய டிஜேக்கள் வந்த வழி. டிம் அதற்கு நேர் எதிர்த் திசையில் வந்தவர். அறையிலிருந்து நேராக மேடைக்கு.

'டிம் பெர்க்' என்ற இன்னொரு பெயரில் வந்த 'சீக் ப்ரோமான்ஸ்' 2010-ல் ஐரோப்பியப் பட்டியல்களில் ஏறியது. அடுத்து 'லெவல்ஸ்'.

அந்தப் பாட்டு வெளியாவதற்கு முன்பே பிரபலம். 2010 இறுதியிலிருந்தே பெயர் சொல்லாமல் மேடைகளில் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நின்றவர்கள் போனில் பதிவுசெய்து யூடியூபில் ஏற்ற, இது என்ன பாட்டு என்று உலகமே கேட்க ஆரம்பித்தது. மாதக்கணக்கில் பசியைக் கிளறிவிட்டு 2011 அக்டோபரில் வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு 126 அடி. ஒரே மெட்டுத் துண்டு தொடக்கம் முதல் திரும்பத் திரும்ப வரும். நடுவில் தாளம் நின்று, பாடகி எட்டா ஜேம்ஸின் குரல் ஒலிக்கும். 1962-ல் அவர் பாடிய பாட்டிலிருந்து எடுத்த சில நொடித் துண்டு. அந்தக் குரல் ஓய்ந்ததும் அதே மெட்டு மறுபடி வந்து விழும்போது, முதலில் கேட்டதைவிடப் பத்து மடங்கு பெரிதாக ஒலிப்பதுபோல இருக்கும். ஒரு ஸ்வரம்கூட மாறியிருக்காது. காது ஏமாறுவது இடையில் வந்த இடைவெளியால்தான். இந்த இறக்கத்துக்கு 'டிராப்' என்று பெயர். ஆயிரம் பேர் டிராப் செய்தார்கள். பாத்ரூமில் தனியாக முணுமுணுக்கத் தக்க டிராப் செய்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. சிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் போன்ற பழம்பெரும் ஆட்களே, மெட்டு இயல்பாக வருகிறவர் இவர் என்று பாராட்டினார்கள்.

ராப் பாடகர் ஃப்ளோ ரைடா இதை வைத்து 'குட் ஃபீலிங்' செய்து, மூலப் பாட்டு வெளியாவதற்கு முன்பே வெளியிட்டு வெற்றிபெற்றார். 'லெவல்ஸ்' கிராமி பரிந்துரை வரை போனது. டிஜே மேக் பத்திரிகையின் வருடாந்தரப் பட்டியலில் 2012-லும் 2013-லும் அவீச்சிக்கு மூன்றாம் இடம். 2012 செப்டம்பரில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் தனி நிகழ்ச்சி. அந்தப் புகழ்பெற்ற அரங்கில் தலைமை நிகழ்ச்சி நடத்திய முதல் டிஜே என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

பணக் கணக்கைப் பார்த்தால் ஏன் இந்த ஓட்டம் என்பது புரியும். லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதிகள் அந்த வருடங்களில் டிஜேக்களுக்கு வாரி இறைத்தன. கூட்டத்தை இழுத்துவர ஒரு பெயர் தேவை. பாண்டு வாத்தியம் போலப் பத்து ஆட்களும் லாரி நிறையச் சாமானும் வேண்டாம், ஓர் ஆளும் ஒரு பென்டிரைவும் போதும். ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் 2014 கணக்குப்படி ஒரு வருடத்தில் டிஜே கால்வின் ஹாரிஸின் வருமானம் 6.6 கோடி டாலர், அவீச்சியின் வருமானம் 2.8 கோடி டாலர். இதில் பெரும்பங்கு மேடையில் வந்தது.

பாட்டில் என்ன வந்தது? 'வேக் மீ அப்' பாட்டைப் பாடியவரும், அதை எழுதியவர்களில் ஒருவருமான அலோ பிளாக் 2014-ல் ஒரு கட்டுரையில் கணக்கை வெளியில் வைத்தார். அமெரிக்க இணைய வானொலியான பாண்டோராவில் அந்தப் பாட்டு 16.8 கோடி முறைக்கு மேல் ஒலித்திருந்தது. பாடலாசிரியர் என்ற முறையில் அவர் கைக்கு வந்தது 4,000 டாலருக்கும் குறைவு. உலகமே பாடிய பாட்டுக்கு இதுதான் கூலி என்றால், பாட்டு விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. சம்பாத்தியம் அந்த விளம்பரத்தை நம்பி டிக்கெட் வாங்குகிறவர்களிடம் இருக்கிறது.

நாவல் எழுதுகிறவரை வருடத்துக்கு நூறு நாள் பட்டிமன்ற மேடையில் நிறுத்தி, எழுத்தை ஓட்டல் அறையில் வைத்துக்கொள் என்று சொல்வது போலத்தான் இது. சிலருக்கு மேடை உற்சாகம் தரும். டிம்முக்கு அது பதற்றம் தந்தது. எட்டு வருடத்தில் 800 நிகழ்ச்சிகளுக்கு மேல் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விமானம், ஒரு ஓட்டல், நள்ளிரவுக்கு மேல் மேடை, விடியும்போது அடுத்த விமானம். மேடைப் பதற்றத்தை அடக்க மது கைகொடுத்தது. டிஜேக்கள் வேலை செய்யும் இடத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை, காசும் இல்லை.

2012-ன் தொடக்கத்தில் நியூயார்க்கில் கணைய அழற்சியோடு மருத்துவமனையில் சேர்ந்தார். பதினொரு நாள் படுக்கை. வயது 22. மிதமிஞ்சிய குடியாலும் வருகிற, பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்களைத் தாக்கும் நோய் அது. மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஆனால் நிகழ்ச்சிகள் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தன. வலிக்குக் கொடுத்த மாத்திரைகள் பிறகு தனிப் பிரச்சினை ஆயின. 2014 மார்ச்சில் பித்தப்பையையும் குடல்வாலையும் அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். அந்த ஆண்டின் அல்ட்ரா விழாவில் அவருடைய நிகழ்ச்சி ரத்தானது. செப்டம்பரில் மீதி நிகழ்ச்சிகள் அனைத்தையும் ரத்து செய்தார்.

இத்தனைக்கும் நடுவில் வந்ததுதான் 'ட்ரூ' ஆல்பம் என்பது ஆச்சரியம். மயாமியில் கேலிக்கு ஆளான அந்தக் குழு அந்த ஆல்பத்துக்காகச் சேர்ந்தது. 'இன்குபஸ்' ராக் குழுவின் கிதார்காரர் மைக் ஐன்சிகர் கார்டுகளை வாசித்துக்காட்ட, அலோ பிளாக் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சில வரிகள் அதில் வந்து உட்கார்ந்தன. சில மணி நேரத்தில் 'வேக் மீ அப்' பாட்டின் எலும்புக்கூடு தயார். எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாட்டு எழுதிய மேக் டேவிஸ், எழுபது வயதைத் தாண்டியவர், இந்த இளைஞரோடு உட்கார்ந்து வேலை செய்தார். புளூகிராஸ் பாடகர் டேன் டிமின்ஸ்கி 'ஹே பிரதர்' பாடினார். நடன இசையின் பெரிய பெயர்கள் ஒருவரையொருவர் நகலெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு கூட்டணியை யோசிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அடுத்த வருடம் கோல்ட்ப்ளே குழுவின் 'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' பாட்டிலும் அவர் கை இருந்தது. அறைக்குள் இருந்த டிம்முக்கு எந்தக் குறையும் இல்லை.

டிஜே வேலை எளிது, பட்டனை அமுக்கிவிட்டுக் கையாட்டுவதற்கு இவ்வளவு பணமா என்று கேட்டவர்களும் அப்போது இருந்தார்கள். கனடாவின் டெட்மௌஸ் 2012-ல் தானே முன்வந்து, பெரிய மேடைகளில் எங்களில் பெரும்பாலோர் பிளே பட்டனை அமுக்குகிறவர்கள்தான் என்ற அர்த்தத்தில் எழுதிப் பரபரப்பைக் கிளப்பினார். ஒளியும் வாணவேடிக்கையும் இசையோடு நொடி பிசகாமல் ஓடவேண்டிய மேடைகளில் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சிரமம் விரலில் இல்லை. ஐம்பதாயிரம் பேர் பார்க்க, இரண்டு மணி நேரம், ஒளிந்துகொள்ள ஒரு பாட்டு வரியோ கையில் ஒரு வாத்தியமோகூட இல்லாமல் தனியாக நிற்பதில் இருக்கிறது. மனிதர் சுபாவத்தைப் பொறுத்து அது கொண்டாட்டம் அல்லது சித்திரவதை.

மார்ட்டின் கேரிக்ஸைப் பாருங்கள். நெதர்லாந்துப் பையன், 1996-ல் பிறந்தவர். எட்டு வயதில், ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தன் நாட்டு டிஜே டியஸ்டோ வாசிப்பதை டிவியில் பார்த்து டிஜே ஆசை வந்தது. அதே எஃப்.எல். ஸ்டுடியோ, அதே படுக்கையறை. 2013-ல் 'அனிமல்ஸ்' வெளிவந்தபோது வயது 17, இருபதில் டிஜே மேக் பட்டியலில் முதலிடம். 2018-ல் தென்கொரியாவில் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் அவரே வாசித்தார். மேடையில் குதிப்பதும் சிரிப்பதும் அவருக்கு இயல்பாக வருகிறது. அவீச்சியின் 'வெயிட்டிங் ஃபார் லவ்' பாட்டில் இருவரும் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். ஒரே தொழில், ஒரே கருவி, ஆள் வேறு.

தொழிலைத் தங்கள் சுபாவத்துக்கு ஏற்ப வளைத்தவர்களும் உண்டு. விமான பயம் கொண்ட எரிக் பிரிட்ஸ் பல வருடம் பறக்காமலே தொழில் செய்தார். அமெரிக்க வாய்ப்புகள் பல தள்ளிப்போயின, அவரும் தாங்கிக்கொண்டார். டிஜே மேக் பட்டியலில் இரண்டு முறை முதலிடம் பிடித்த ஹார்ட்வெல் 2018-ல் போதும் என்று நிகழ்ச்சிகளை நிறுத்தி, 2022-ல் அதே அல்ட்ரா மேடையில் திரும்பிவந்தார். லண்டன்காரர் பரியல் இன்னும் ஒரு படி மேலே. 2007-ல் வந்த அவருடைய 'அன்ட்ரூ' ஆல்பத்தை விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாடினார்கள். அவரோ மேடை ஏற மறுத்தார், ஆரம்பத்தில் முகத்தைக்கூடக் காட்டவில்லை. கோடிகள் வந்திருக்காது, அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

டிம்மும் கடைசியில் நிறுத்தினார். 2016 மார்ச்சில் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கலைஞனுக்குப் பின்னால் இருக்கும் சாதாரண மனிதனுக்கு வாழ நேரமே மிஞ்சவில்லை என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 28, ஸ்பெயினின் இபிசா தீவில் கடைசி மேடை. அந்த வருட இறுதியில் ஆஷ் பூர்நூரியோடும் பாதை பிரிந்தது. 2017-ல் வந்த 'அவீச்சி: ட்ரூ ஸ்டோரீஸ்' ஆவணப்படத்தில் ஒரு மனிதர் முடியவில்லை, முடியவில்லை என்று சொல்வதையும், சுற்றியிருப்பவர்கள் அடுத்த தேதியைப் பற்றிப் பேசுவதையும் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு தேதியை ரத்து செய்தால் எத்தனை பேரின் சம்பளம், எவ்வளவு நஷ்டஈடு என்ற கணக்கில் அவர்களும் மாட்டிக்கொண்டவர்கள்தான். ஆனாலும் அந்த அறையில் உடம்பு அவருடையது மட்டும்தானே.

மேடையை விட்ட பிறகு பாட்டுகள் நன்றாகவே வந்தன. 2017 ஆகஸ்ட்டில் ஆறு பாட்டுகளோடு ஒரு தொகுப்பு வெளியானது, புது ஆல்பத்துக்கான வேலையும் நடந்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரல் 20 அன்று, ஓமன் நாட்டின் மஸ்கட்டில், 28 வயதில் டிம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் சிக்கிக்கொண்ட வியாபார எந்திரத்துக்கு ஏற்றவராக அவர் இருக்கவில்லை என்றும், ரசிகர்களை நேசித்தாலும் வெளிச்சத்தை விட்டு விலகவே விரும்பினார் என்றும் குடும்பத்தார் அறிக்கை விட்டார்கள். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்வது சரியல்ல. நோய், மருந்து, மனச்சோர்வு, யாருக்கும் தெரியாத வேறு எத்தனையோ இருக்கலாம். மேடையை விட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

பாதியில் நின்ற ஆல்பத்தை, அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் கோப்புகளையும் வைத்து முடித்தார்கள். கார்ல் ஃபால்க், வின்சென்ட் பொன்டாரே, சாலெம் அல் ஃபகீர் போன்ற ஸ்வீடன் புரொட்யூசர்கள் அவர்கள். 2019 ஜூனில் 'டிம்' என்ற பெயரில் வந்தது. அலோ பிளாக் மறுபடி பாடினார், கோல்ட்ப்ளேயின் கிறிஸ் மார்ட்டினும் பாடினார். 2021-ல் ஸ்டாக்ஹோமின் அடையாளமான உருண்டை வடிவ அரங்குக்கு அவீச்சி அரீனா என்று பெயர் மாற்றினார்கள்.

2022-ல் நடந்த ஒரு வியாபாரத்தையும் சொல்ல வேண்டும். ஆபா குழுவின் பியோன் உல்வேயஸ் நிறுவனர்களில் ஒருவராக இருக்கும் பாப்ஹவுஸ் என்ற ஸ்வீடன் நிறுவனம், அவீச்சியின் பாட்டுப் பதிவுகள், இசை வெளியீட்டு உரிமை இரண்டிலும் 75 சதவீதத்தை வாங்கியது. மீதி 25 சதவீதம் குடும்பத்தின் வசம். வேகாஸ் மேடைகளில் வாங்கிய பணம் அன்றன்றைக்கே கணக்கு முடிந்துவிட்டது. பெரிய நிறுவனம் ஒன்று தேடிவந்து விலை பேசியது, பியானோ ரோலில் மவுஸால் வரைந்த மெட்டுகளுக்கு. 'வேக் மீ அப்' ஸ்பாட்டிஃபையில் மட்டும் 200 கோடி முறைக்கு மேல் ஒலித்துவிட்டது. கிளாஸும் ஆங்கியும் மகன் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை இளைஞர்களின் மனநலத்துக்காகவும் தற்கொலைத் தடுப்புக்காகவும் வேலை செய்கிறது. வியாபாரத்திலிருந்து ஓய்வுபெற வேண்டிய வயதில் கிளாஸ் பொதுமேடைகளில் ஏறி அதைப் பற்றிப் பேசி வருகிறார்.